முதுகை நீட்ட ஒரு வளைவு பெஞ்ச்: சேலம், ஏற்காட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு

யோகா வகுப்பில் வளைந்த மர பெஞ்சில் ஒருமுறை மல்லாந்து படுத்து எழுந்தவர்கள், இது வீட்டிலும் ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைக்காமல் இருக்க மாட்டார்கள். நினைப்பதோடு சரி. சேலத்துக் கடைகளில் தயாராகக் கிடைப்பது அரிது. இணையத்தில் வாங்கினால் பெஞ்சின் விலையோடு அனுப்பும் செலவும் சேர்ந்து கையைக் கடிக்கும். உள்ளூர்ப் பட்டறையில் செல்போன் படத்தைக் காட்டினால், "இதென்ன சார், சாய்வு நாற்காலியா?" என்று கேட்பார்கள். எனக்கு ஒரு பட்டறையில் செய்து கொடுத்தது இரண்டு பலகையைக் கூரை மாதிரி சாய்த்து வைத்த ஒன்று. படுத்தால் முதுகில் ஒரே ஒரு இடம்தான் பலகையைத் தொட்டது, அந்த இடமே வலித்தது.

அதற்குப் பிறகு வரைபடம், மரம், ஆசாரி என்று ஒவ்வொன்றாக அலைந்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இதில் மரம் பெரிய விஷயமே இல்லை. வளைவைச் சரியாகத் தாளில் வரைந்து கையில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

1. ஆசாரிக்கு முன்னால் மருத்துவர்

பின்னால் வளைவது எல்லா முதுகுக்கும் ஒத்துக்கொள்ளாது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னாலோ தறி முன்னாலோ குனிந்து உட்காருகிறவர்களுக்கு நெஞ்சும் தோளும் திறந்து சுகமாக இருக்கும். ஆனால் முதுகெலும்பில் ஒரு கண்ணி நழுவியிருந்தால், தண்டுவடம் போகும் பாதை சுருங்கியிருந்தால், எலும்பு மெலிந்திருந்தால் இதே பெஞ்ச் வலியை அதிகமாக்கும். கர்ப்பிணிகள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கிளாக்கோமா உள்ளவர்கள், தலையைப் பின்னால் சாய்த்தால் கிறுகிறுக்கிறவர்கள் மருத்துவர் சரி என்று சொல்லாமல் தொடவே வேண்டாம்.

பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையோ உங்கள் வழக்கமான எலும்பு மருத்துவரோ, எங்கே போனாலும் "யோகா செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "செய்யுங்க" என்று ஒரு சொல்லில் அனுப்பிவிடுவார்கள். பின்னால் வளைந்து படுக்கலாமா, எத்தனை நிமிடம், கழுத்துக்குத் தாங்கல் வேண்டுமா என்று மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டால் யோகா ஆசிரியரிடமும் காட்டலாம்.

2. எந்த மாதிரி என்று முடிவு செய்யுங்கள்

யோகா கூடங்களில் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று, கால் வைத்த உயரமான பெஞ்ச். அதன் மேல் ஏறி, பின்னால் சரிந்து, தலை கீழே தொங்கும். இன்னொன்று, தரையிலேயே உட்காரும் தாழ்ந்த வில். புதியவர்களுக்கு இரண்டாவதுதான். தரையில் உட்கார்ந்தபடி அப்படியே பின்னால் சாயலாம், விழுவதற்கு உயரம் கிடையாது, கால் பூட்டும் வேலையும் மிச்சம். இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தாழ்ந்த வில்லைப் பற்றித்தான்.

எவர்சில்வர் பைப்பில் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டீல் ஊர்க்காரர்கள் நாம், கேட்கத்தான் செய்வோம். செய்யலாம், ஆனால் பைப்பை ஒரே சீராக வளைக்கத் தனி மெஷின் வேண்டும். ஏற்காட்டு மார்கழிக் காலையில் அந்த இரும்பில் முதுகை வைத்தால் யோகாவே வேண்டாம் என்று ஆகிவிடும்.

3. அளவு எடுப்பது

எனக்கு ஒத்து வந்த அளவு: அடிப்பக்க நீளம் 40 அங்குலம், வளைவின் உயரம் 8 அங்குலம், அதற்குக் கீழே நேராக 3 அங்குலம், அகலம் 14 அங்குலம். அதாவது நடுவில் மொத்த உயரம் 11 அங்குலம், இரண்டு முனையிலும் 3 அங்குலம்.

உயரம் குறைந்தவர்களும் அறுபதைத் தாண்டியவர்களும் வளைவை 6 அல்லது 7 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எது சரி என்று மரம் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கெட்டியான போர்வைகளை இறுக்கிச் சுருட்டி, அமுக்கிய பிறகும் 6 அங்குலம் நிற்கும்படி வைத்து, தோள்பட்டை எலும்பின் கீழ்முனை அதன் உச்சியில் வரும்படி படுங்கள். இரண்டு நிமிடம் மூச்சுத் திணறாமல், இடுப்பில் கிள்ளாமல் இருக்க முடிந்தால் அடுத்த நாள் 7, அதற்கடுத்து 8. எங்கே சிரமம் தொடங்குகிறதோ அதற்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்துங்கள். பெரிய வளைவுதான் நல்ல வளைவு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள்.

அடுத்து, வில்லை வரைய ஆரம் வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான்: அடிப்பக்க நீளத்தை அதே எண்ணால் பெருக்கி, வளைவு உயரத்தின் 8 மடங்கால் வகுத்து, அதோடு உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். 40-ஐ 40-ஆல் பெருக்கினால் 1600. அதை 64-ஆல் வகுத்தால் 25. அதோடு 4 கூட்டினால் 29 அங்குலம். உயரம் 7 என்றால் ஆரம் 32 அங்குலம்; 6 என்றால் 36-க்குச் சற்று மேல்.

4. பிளைவுட்

பெஞ்சின் இரு பக்கமும் வில்லாக வெட்டிய ஒவ்வொரு பலகை நிற்கும், அவற்றின் மேல் குறுக்காக ரீப்பர்கள் (மெல்லிய மரத்துண்டுகள்) வரும். பக்கப் பலகைகள் இரண்டும் 19 மி.மீ. பிளைவுட்டில்தான் செய்ய வேண்டும். வளைவை முழு மரத்தில் வெட்டினால் இரண்டு முனையிலும் ரேகை குறுக்கே ஓடி, பலவீனமான இடத்தில் பிளந்துவிடும். பிளைவுட்டில் ரேகை மாறி மாறி வைத்து ஒட்டியிருப்பதால் அந்தப் பயம் இல்லை.

கடையில் "பிடபிள்யூபி" (கொதிநீரையும் தாங்கும் ரகம்) அல்லது அதன் இந்தியத் தர எண்ணான "ஐ.எஸ். 710" என்று கேளுங்கள். அந்த எண் பலகையின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். "ஐ.எஸ். 303" முத்திரையுள்ள "பிடபிள்யூஆர்" ரகமும் சேலத்துக்குப் போதும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் வைக்கப்போகிறவர்கள் 710-ஐ விட வேண்டாம். எந்த ரகமானாலும் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். நடு அடுக்குகளில் ஓட்டை தெரிந்தால் வாங்காதீர்கள், ஏனென்றால் நம் ஸ்க்ரூ எல்லாம் அந்த ஓரத்தில்தான் இறங்கப்போகிறது.

இங்கேதான் பணம் வீணாகும் இடம். நமக்குத் தேவை 4 அடிக்கு 2 அடி, அதாவது 8 சதுர அடி. கடைக்காரர் 8-க்கு 4 முழு ஷீட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார், அது 32 சதுர அடி. "கட் பீஸ் இருக்கா?" என்று கேளுங்கள். ஒரு கடையில் இல்லாவிட்டால் அடுத்த கடை. மாடுலர் கிச்சன் செய்யும் பட்டறைகளில் இந்த அளவு மிச்சத் துண்டு கிடக்கும், பாதி விலைக்கே தந்துவிடுவார்கள். கடை விலை ரகத்தைப் பொறுத்துச் சதுர அடிக்கு 90 முதல் 140 ரூபாய் வரை நான் பார்த்தது.

5. மரம்

முதுகு படும் மேல்பகுதிக்கு 2 அங்குல அகலம், முக்கால் அங்குல கனத்தில் 14 அங்குல ரீப்பர்கள் 20 வேண்டும். வில்லின் மேல்நீளம் 44 அங்குலம். 20 ரீப்பர் வைத்தால் நடுவே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி வரும். இதோடு இரண்டு பக்கப் பலகைகளையும் இணைக்க 3-க்கு ஒன்றரை அங்குலத்தில், 11½ அங்குல நீளக் குறுக்குச் சட்டம் நான்கு.

கன அடிக் கணக்கு தெரிந்திருந்தால் மரக்கடையில் தலை நிமிர்ந்து நிற்கலாம். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். சேதாரம் சேர்த்து ரீப்பருக்கு 26 அடி, சட்டத்துக்கு 4 அடி. இழைப்புக் கழிவையும் சேர்த்தால் மொத்தமே அரை கன அடியைச் சுற்றித்தான் வரும். ஒன்றரை கன அடி வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒன்று கவனம்: மில்லில் அறுத்த அளவு இழைப்பதற்கு முந்தையது. முடிந்த அளவு 2-க்கு முக்கால் வர வேண்டுமானால் 2¼-க்கு 1 என்று அறுக்கச் சொல்லுங்கள்.

எந்த மரம்? அரை கன அடி என்பதால் தேக்கே வாங்கினாலும் பெரிய அடி விழாது. வேம்பும் வாகையும் காய்ந்ததாகக் கிடைத்தால் எனக்கு அதுவே திருப்தி. விலை குறைவு, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும். மாம்பலகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் பூச்சி சீக்கிரம் விழும். சேலத்து மாவில் பழத்தோடு நிறுத்திக்கொள்வோம். யூகலிப்டஸ் முறுக்கிக்கொள்ளும். ஏற்காட்டில் காபித் தோட்ட நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் எங்கு பார்த்தாலும் நிற்கிறது. லேசான மரம், இழைக்க எளிது. அதைப் போடுவதானால் கனத்தை ஓர் அங்குலமாகக் கூட்டுங்கள், ஸ்க்ரூ பிடிப்பு குறைவு. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், இழைக்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

நான் சிபாரிசு செய்வது இது எதையும் அல்ல, பழைய ஓட்டு வீட்டு ரீப்பரைத்தான். குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கமெல்லாம் பழைய ஓட்டு வீடுகள் இருக்கும் பகுதிகள். இடிக்கும்போது ஓடு தாங்கிய ரீப்பர்கள் பழைய மரக்கடைக்கு வரும். பல வருட வெயிலில் காய்ந்து முடிந்த மரம், இனிமேல் அதிகம் சுருங்காது, முறுக்காது. பார்த்து எடுக்க வேண்டியது மூன்று. நகத்தால் குத்தினால் பொடியாக உதிரக் கூடாது. பெயிண்ட் அடித்ததாக இருக்கக் கூடாது, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உள்ளே ஆணி இருக்கக் கூடாது. ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்து எல்லா ஆணியையும் பிடுங்கிய பிறகு மில்லுக்குக் கொண்டு போங்கள். பிளேடு போனால் மில்காரர் உங்களிடம்தான் வசூலிப்பார்.

6. பில், சீட்டு

சேலத்துக் கடையில் வாங்கினால் ஜி.எஸ்.டி. பில் வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஏற்காட்டுக்காரர்களுக்கு வேலை கொஞ்சம் கூடுதல். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955 முதலே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. சொந்தத் தோட்டத்தில் நிற்கும் மரம், அதுவும் ஒரே ஒரு கிளைதானே என்று வெட்டிப் பலகையாக்கி வண்டியில் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். வெட்டுவதற்கும் கொண்டுபோவதற்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "நம்ம பையன் சோதனைச்சாவடியில் சொல்லிடுவான்" என்கிற பேச்சை நம்ப வேண்டாம். அரை கன அடி மரத்துக்கு இவ்வளவு தேவையா என்று தோன்றினால், கீழே சேலத்தில் பில்லோடு வாங்கி மேலே கொண்டுபோவதே நல்லது. அப்போதும் பில் வண்டியிலேயே இருக்கட்டும்.

7. ஆசாரியும் நாளும் செலவும்

ஜிக் சா, டிரில் கைவசம் இருந்து பழக்கமும் இருந்தால் நீங்களே செய்யலாம். இல்லாவிட்டால் ஆசாரிக்கு ஒன்றரை நாள் வேலை. நான் விசாரித்தவரை சேலத்தில் நாள் கூலி 1,000 முதல் 1,300 ரூபாய், காபி டீ தனி. ஏற்காட்டுக்கு வரவழைத்தால் போக்குவரத்தும் சேரும்.

மாதத்தைப் பார்த்துக் கூப்பிடுங்கள். ஆவணியிலும் தையிலும் கிரகப்பிரவேசம் வரிசையாக இருக்கும், கதவு ஜன்னல் வேலையை விட்டுவிட்டு நம் பெஞ்சுக்கு யாரும் வர மாட்டார்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கூப்பிட்டால் வருவார், பொறுமையாகவும் செய்வார். ஏற்காட்டுக்குச் சாமான் ஏற்றுவதானால் மே மாதக் கோடை விழா நாட்களைத் தவிருங்கள், கொண்டை ஊசி வளைவுகளில் குட்டி யானை நகராது.

மொத்தச் செலவு தோராயமாக இப்படி: பிளைவுட் 800 முதல் 1,100 வரை, மரம் 500-இல் தொடங்கி, தேக்கு என்றால் 2,000-க்கும் மேல், அறுப்பு, இழைப்புக் கூலி 200 முதல் 300, ஸ்க்ரூ, பெவிகால், உப்புத்தாள், எண்ணெய் சேர்த்து 500, ஆசாரி கூலி 1,500 முதல் 2,000. தேக்கு போடாவிட்டால் நாலாயிரத்தைச் சுற்றி முடிந்துவிடும். கூலியை மொத்தமாகப் பேசுங்கள், பாதியை வேலை முடிந்து அதில் படுத்துப் பார்த்த பிறகு கொடுப்பதாகச் சொல்லுங்கள். நல்ல ஆசாரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

8. வில்லை வரைந்து வெட்டுவது

பொறுமை வேண்டிய இடம் இது. முதலில் பழைய காலண்டர்களையோ செய்தித்தாளையோ ஒட்டி, முழு அளவில் தாளில் வரையுங்கள். ஆசாரிக்குக் கொடுக்க வேண்டியது இந்தத் தாள். செல்போன் படத்தை வெளியே எடுக்கவே வேண்டாம்.

தாளில் பலகையின் கீழ் விளிம்பாக 40 அங்குலக் கோடு. அதன் நடுவிலிருந்து நேர் கீழே 18 அங்குலத்தில் மையப்புள்ளி. 8 அங்குல வளைவுக்கான அளவு இது; 7 என்றால் 22, 6 என்றால் 27¼. அந்த மையத்திலிருந்து 29 அங்குலத்தில் வில் வரைந்தால், உச்சி 11 அங்குல உயரத்திலும் முனைகள் 3 அங்குல உயரத்திலும் சரியாக வந்து நிற்கும். நிற்கவில்லை என்றால் மையம் தவறு, மறுபடி பாருங்கள்.

நூல் கட்டி வரையாதீர்கள். நூல் இழுபடும், பென்சில் சாயும், வில் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். ஒரு மெல்லிய ரீப்பரில் 29 அங்குல இடைவெளியில் இரண்டு துளை போடுங்கள். ஒன்றில் ஆணி, இன்னொன்றில் பென்சில். அதைச் சுற்றினால் பிசகவே பிசகாது.

தாளை பிளைவுட்டின் மேல் ஒட்டி, இரண்டு பக்கப் பலகையையும் கோட்டுக்கு வெளியே ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம், விட்டு வெட்டுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து இறுக்கி, ஒன்றாகவே கோடு வரை இழைத்துத் தேயுங்கள். தனித்தனியாகத் தேய்த்தால் வளைவு இரண்டும் ஒத்துப்போகாது. ரீப்பர்கள் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பட்டறைகளில் அவசரத்துக்கு விடுவது இந்த ஒரு வேலையைத்தான். பக்கத்திலேயே நில்லுங்கள்.

9. பூட்டுவது

ரீப்பர்களை அடிப்பதற்கு முன்னால், பெஞ்ச் எந்த வீட்டில் இருக்கப்போகிறதோ அந்த வீட்டில் ஒரு வாரம் காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். ஏற்காட்டு ஈரத்தில் பூட்டிய மரம் சேலத்துச் சித்திரை வெயிலுக்கு இறங்கினால் சுருங்கி ஸ்க்ரூ ஆடும். கீழே காய்ந்து பூட்டியது மேலே போனால் உப்பும். இரண்டுமே நடக்கிறது.

பக்கப் பலகைகளின் வெளிப்புற அகலம் 13 அங்குலம் வரும்படி, குறுக்குச் சட்டங்கள் நான்கையும் பெவிகாலும் ஸ்க்ரூவும் போட்டுப் பூட்டுங்கள். இரண்டு முனையிலும் ஒன்றொன்று, உச்சிக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்று. மூலைமட்டம் வைத்துப் பார்த்து, தரையில் வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று சோதித்த பிறகு ஒரு இரவு விடுங்கள்.

ரீப்பரை உச்சியிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் இறங்குங்கள். முனையிலிருந்து தொடங்கினால் கடைசியில் அரை ரீப்பர் இடம் மிஞ்சும். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு ஸ்க்ரூ, 2 அங்குல நீளம், மொத்தம் 80. பிளைவுட் ஓரத்தில் ஸ்க்ரூவை நேரடியாக ஏற்றினால் அடுக்கு பிரியும், எனவே 2.5 மி.மீ. துளை போட்டு, ரீப்பருக்கு அடியில் பெவிகால் தடவி ஏற்றுங்கள். ஸ்க்ரூ தலை மரத்துக்குள் முழுதாக அமிழ வேண்டும். மேலே மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அடைத்துவிடுங்கள். ஆணி அடித்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எடை ஏறி இறங்க ஏறி இறங்க ஆணி மெல்ல மேலே வரும், வருவது முதுகுப் பக்கம்.

85 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் ரீப்பரை ஓர் அங்குல கனமாக்கிக்கொள்ளுங்கள்.

10. தேய்ப்பு, பூச்சு

ரீப்பர் விளிம்பு எல்லாவற்றையும் மழுக்கி, 80, 120, 220 என்று உப்புத்தாள் போடுங்கள். பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம். வியர்வை பட்டால் வழுக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் இரண்டு தடவை பூசினால் போதும், ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காய வைத்த பிறகு குப்பையில் போடுங்கள். அடியில் நான்கு ரப்பர் புஷ், டைல்ஸ் தரைக்கு அது கட்டாயம்.

11. படுப்பதற்கு முன்

உச்சியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை அடுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். சத்தம் வந்தால், ரீப்பர் வளைந்தால், எந்த இடம் என்று பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். பாக்கிக் கூலி இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பிறகு கையால் எல்லா இடமும் தடவிச் சிம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

மேலே விரிக்க முதலில் யோகா மேட், அதற்கு மேல் பவானி ஜமுக்காளம். ஜமுக்காளத்தை நேராக மரத்தில் விரித்தால் ஆளோடு சறுக்கும்.

12. முதல் நாட்கள்

பெஞ்சின் ஒரு முனைக்கு முன்னால் தரையில், மடித்த போர்வை மேல் உட்காருங்கள். முழங்கால் மடங்கியே இருக்கட்டும். கையை ஊன்றி மெதுவாகப் பின்னால் சாயுங்கள். மறுமுனையில் தலைக்குக் கட்டாயம் ஒரு தலையணை. கழுத்து தொங்கக் கூடாது. முதல் வாரம் ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதல் சில தடவை வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

எழும்போது நேராக நிமிராதீர்கள். முழங்காலை மடக்கி, ஒரு பக்கமாக உருண்டு தரையில் இறங்கி, சற்று நேரம் படுத்திருந்துவிட்டு எழுங்கள். காலில் மின்சாரம் பாய்கிற மாதிரி வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஐப்பசி மழை முடிந்ததும் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை பெஞ்சைக் கவிழ்த்துக் குறுக்குச் சட்ட ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் சுவரை ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி வைத்தால் பூஞ்சை பிடிக்காது.